ரொறன்ரோ மாநகரசபை: 1867இன் ஒரு வரியும் ஸ்காபரோவின் ரயிலும்

கனடாவிலுள்ள ஒரு மாநகரசபையின் தீர்மானம் இலங்கைச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது 2025 மே மாதத்தில்தான். பிரம்டன் நகரின் சிங்குவாகூசி பூங்காவில் தமிழினப்படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டது. இலங்கையின் வெளிவிவகார அமைச்சர் கனேடியத் தூதுவரை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தார். அந்தத் தூபிக்கான தீர்மானத்தை பிரம்டன் மாநகரசபை 2021 ஜனவரியில் ஏகமனதாக நிறைவேற்றியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் தூபி இடிக்கப்பட்டு இரண்டு கிழமைகள்கூட அப்போது ஆகியிருக்கவில்லை.

இதைப் பார்க்கும் எங்களுக்கு ஒரு எண்ணம் வருவது இயல்பு. ஒரு மாநகரசபை நினைத்தால் ஒரு நாட்டையே கோபப்படுத்தக்கூடிய முடிவை எடுக்கலாம் எண்டால், கனடாவின் மாநகரசபைகள் எவ்வளவு பலமானவை! ஆனால் அதே கனடாவில், ஒரு மாநகரசபை தனக்குச் சொந்தமான வீதியில் கட்டணம் அறவிட முடியாது. தன் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பதைத் தானே தீர்மானிக்க முடியாது. வீதியோரத்தில் சைக்கிள் பாதை போடுவதற்குக்கூட மேலிடத்தில் அனுமதி கேட்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.

எங்கட சொந்தக்காரர் பலர் வாழ்கிற ரொறன்ரோ இந்த முரணுக்கு நல்ல உதாரணம். வீட்டு வாடகை, பஸ், ரயில், ஆதனவரி என்று அங்கே மாநகரசபையின் முன்னால் இன்றைக்கு இருக்கிற பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அதை விளங்கிக்கொள்ளாமல் அந்தச் செய்திகளை வாசித்தால், ஒரு மேயருக்கும் ஒரு முதலமைச்சருக்கும் இடையிலான தனிப்பட்ட சண்டை மாதிரித்தான் தெரியும்.

சிறைச்சாலைக்கும் மதுபானச்சாலைக்கும் நடுவில்

ரொறன்ரோ 1834இல் நகரமானது. அதன் முதல் மேயர் வில்லியம் லயன் மக்கென்சி ஒரு பத்திரிகையாளர். நிலத்தையும் பதவிகளையும் தங்களுக்குள்ளே பங்குபோட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு மேட்டுக்குடிக் கும்பலை எதிர்த்து எழுதிவந்தவர். மூன்று வருடம் கழித்து, 1837இல், அவரே ஆயுதக் கிளர்ச்சி ஒன்றுக்குத் தலைமை தாங்கித் தோற்று அமெரிக்காவுக்குத் தப்பியோடினார். கிளர்ச்சிக்குப் பிறகு பிரித்தானியா அனுப்பிய டர்ஹம் பிரபு தன் அறிக்கையில், மக்களுக்கு உள்ளூர் அளவில் ஆட்சிப் பயிற்சி இல்லாததும் ஒரு குறை என்று எழுதினார். 1849இல் ஒன்ராறியோப் பகுதிக்கு முறையான உள்ளூராட்சிச் சட்டம் வந்தது. வாக்குரிமை சொத்துள்ள ஆண்களுக்குத்தான் என்றாலும், தெருவையும் வாய்க்காலையும் பற்றி அந்தந்த ஊரவர்களே முடிவெடுக்கலாம் என்ற கொள்கை நிலைபெற்றது.

ஆனால் 1867இல் கனடா ஒரு நாடாக உருவானபோது, அரசியலமைப்பை எழுதியவர்கள் உள்ளூராட்சிக்குத் தனியான இடம் ஒன்றும் கொடுக்கவில்லை. மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாகாணங்களுக்கு ஒரு பட்டியல், அவ்வளவுதான். மாகாணங்களுக்கான பட்டியல் 92ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் ஆறாவது சிறைச்சாலைகள், ஏழாவது மருத்துவமனைகளும் தருமநிலையங்களும், ஒன்பதாவது கடை, மதுபானச்சாலை போன்றவற்றுக்கான அனுமதிப்பத்திரங்கள். இடையில் எட்டாவதாக ஒரே வரியில் “மாகாணத்தின் மாநகர நிறுவனங்கள்”. சிறைச்சாலையை எப்படி நடத்துவது என்று மாகாணம் தீர்மானிப்பதுபோல மாநகரசபையையும் அது உருவாக்கலாம், மாற்றலாம், கலைக்கலாம்.

அந்தக் காலத்தில் கனேடியரில் பெரும்பான்மையினர் கிராமங்களில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும். சில மில்லியன் பேர் வாழும் ஒரு நகரம் உருவாகும் என்று அந்த வரியை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. இன்றைக்கு ரொறன்ரோவின் சனத்தொகை கனடாவின் பல மாகாணங்களுடையதை விட அதிகம். ஆனால் அந்த வரி அப்படியே இருக்கிறது.

மேலிடம் காப்பாற்றிய கதையும் உண்டு

இந்த வரலாற்றை “நல்ல மாநகரசபை, கெட்ட மாகாணம்” என்று சொல்லிவிட்டுப் போனால் சுகம். ஆனால் அது உண்மையாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரொறன்ரோவைச் சுற்றிப் புறநகரங்கள் வேகமாக வளர்ந்தன. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுநீருக்கும் வீதிக்கும் அவர்களிடம் காசு இல்லை. மாகாண அரசு 1954இல் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியிருந்த 12 உள்ளூராட்சிகளையும் ஒரே பெருநகர அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊருக்கும் தன் சபை, எல்லாவற்றுக்கும் பொதுவான வேலைகளுக்கு மேலே ஒரு பெருநகரசபை. பல ஊர்கள் இதை விரும்பவில்லை. ஆனாலும் இதனால்தான் ஸ்காபரோ போன்ற இடங்களுக்குக் குழாய்களும் வீதிகளும் வேகமாக வந்தன.

அடுத்த கதை இன்னும் சுவாரசியமானது. அந்தப் பெருநகரசபை, நகரின் மையம்வரை ஸ்பதைனா அதிவேக வீதியைக் கொண்டுவரத் திட்டமிட்டது. அது பழைய குடியிருப்புகளை அறுத்துக்கொண்டு போயிருக்கும். குடியிருப்பாளர்கள், மாணவர்கள், அப்போதுதான் நியூயோர்க்கிலிருந்து குடிபெயர்ந்திருந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் என்று பலர் சேர்ந்து எதிர்த்தார்கள். பெருநகரசபை அசையவில்லை. கடைசியில் 1971 ஜூன் 3ஆம் திகதி அந்தத் திட்டத்தை நிறுத்தியது மாகாண முதலமைச்சர் பில் டேவிஸ். அதாவது, மக்கள் தங்களுக்கு அருகில் இருந்த சபையிடம் தோற்று, தூரத்திலிருந்த அரசிடம் வென்றார்கள்.

எனவே எந்தச் சபை மக்களுக்குக் கிட்ட இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது யாருடைய குரலைக் கேட்கிறது, முடிவு பிழைத்தால் யாரிடம் போய்க் கணக்குக் கேட்கலாம் என்பதையும் பார்க்கவேண்டும். இதற்குப் பிறகு வருகிற எல்லாச் சம்பவங்களையும் இந்தக் கேள்வியோடு வாசிக்கலாம்.

1998: ஸ்காபரோ தன் சபையை இழந்தது

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பெரும் பங்கினர் மெல்ல மெல்ல ஸ்காபரோவை நோக்கி நகர்ந்தார்கள். அப்போது ஸ்காபரோ தனக்கென்று ஒரு மேயரும் சபையும் உள்ள தனி நகரம். ஆனால் அங்கே எங்கட சனம் காலூன்றுகிற அதே காலத்தில் அந்த நகரமே இல்லாமல் போனது.

மைக் ஹரிஸ் தலைமையிலான மாகாண அரசு, ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் ஆகிய ஆறையும் ஒன்றாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1997 மார்ச்சில் ஆறு இடங்களிலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 76 வீதமானவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்புக்குச் சட்டரீதியான பலம் எதுவும் இல்லை, அரசும் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. மாகாணப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் ஆயிரக்கணக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தன. நகரின் தெருக்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, அந்தத் தெருக்காரரைக் கேட்காமல் சட்டம் நடைமுறைக்கு வரக்கூடாது என்று அந்தத் திருத்தங்கள் சொன்னன. இரவும் பகலுமாக நாட்கணக்கில் வாக்கெடுப்பு நடந்தது. சட்டம் நிறைவேறத்தான் செய்தது. நீதிமன்றம் போனவர்களுக்கும், மாகாணத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. 1998 ஜனவரி 1ஆம் திகதி புதிய ரொறன்ரோ பிறந்தது.

அதோடு சேர்த்து மாகாணம் தன் செலவுகளையும் நகரங்களின் தலையில் இறக்கியது. சமூக வீடமைப்பின் பொறுப்பு மாநகரசபைகளுக்குப் போனது. பஸ்ஸும் ரயிலும் ஓடுவதற்கு மாகாணம் கொடுத்துவந்த மானியம் நின்றது. எக்ளின்ரன் வீதிக்குக் கீழே தோண்டத் தொடங்கியிருந்த சுரங்க ரயில் பாதையை 1995இலேயே நிறுத்தி, தோண்டிய குழியை மண்போட்டு மூடியிருந்தார்கள்.

மாநகரசபையின் வருமானத்தில் பெரிய பங்கு ஆதனவரி, எங்கட ஊரில் சோலைவரி எண்டு சொல்வது. விற்பனை வரியோ வருமான வரியோ அதற்குக் கிடையாது. நாட்டில் சேகரிக்கப்படும் ஒவ்வொரு வரி டொலரிலும் ஏறக்குறைய பத்துச் சதம்தான் மாநகரசபைகளின் கைக்கு வருகிறது என்பது அவற்றின் கூட்டமைப்பு நீண்டகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. அன்றாடச் செலவில் துண்டு விழும் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றவும் ஒன்ராறியோச் சட்டம் விடாது. ஆகவே காசு போதாவிட்டால் வரியைக் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் சேவையைக் குறைக்கவேண்டும்.

ஒரு ரயிலின் கதை

ஸ்காபரோவுக்கு 1985இல் ஒரு சிறு ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்த இடத்தில் தனிப்பாதையில் ஓடும் தெரு ரயில் போடுவதுதான் முதலில் இருந்த திட்டம். மாகாண அரசு தன் சொந்த நிறுவனம் உருவாக்கிய புதிய வகை ரயிலை உலகத்துக்கு விற்கக் காட்சிப்பொருள் ஒன்று தேவைப்பட்டதால் திட்டத்தை மாற்ற வைத்தது. அந்த ரயில் பனிக்காலங்களில் அடிக்கடி நின்றது. 2010 அளவில் அதன் ஆயுள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பதிலாக என்ன வருவது என்பதில்தான் மாநகரசபை தன் சொந்தக் கையால் சறுக்கியது. 2007இல் மேயர் டேவிட் மில்லர் நகரம் முழுவதும் இலகு ரயில் பாதைகளுக்கான திட்டத்தை வைத்தார். 2010 டிசெம்பரில் பதவிக்கு வந்த றொப் போர்ட் முதல் நாளே அது முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 2012இல் சபை அவரைத் தோற்கடித்து இலகு ரயிலுக்குத் திரும்பியது. ஸ்காபரோவுக்கு ஏழு தரிப்பிடங்கள் உள்ள இலகு ரயில், முழுச் செலவும் மாகாணத்துடையது. ஆனால் 2013இல் சபை மறுபடி மனம் மாறி, மூன்று தரிப்பிடங்கள் உள்ள சுரங்க ரயிலுக்கு வாக்களித்து, அதற்கென்று ஆதனவரியையும் கூட்டியது. 2016இல் மூன்று ஒன்றானது. 2019இல் மாகாணம் திட்டத்தைத் தன் கையில் எடுத்து, ஒன்றை மீண்டும் மூன்றாக்கியது. செலவு 5.5 பில்லியன் டொலர் என்றார்கள்.

சுரங்க ரயிலை ஸ்காபரோ மக்களில் கனபேர் விரும்பினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நகர மையத்தில் இருப்பவர்களுக்குச் சுரங்க ரயில், எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டாந்தரம் என்ற கேள்வியில் நியாயமான கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அரசியல்வாதிகள் வாக்காக மாற்றினார்கள், ரயிலாக மாற்றவில்லை.

2023 ஜூலை 24ஆம் திகதி, பழைய ரயிலின் கடைசிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று தடம்புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். நவம்பரில் மூட இருந்த பாதை அன்றோடு மூடப்பட்டது. அதற்குப் பிறகு ரயிலின் இடத்தில் பஸ்தான். காலையில் ஐந்து மணிக்கு எழும்பி வேலைக்குப் போகிறவர்கள், இரவு வேலை முடிந்து வாறவர்கள், வளாகத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். புதிய சுரங்கப் பாதை இன்னும் தோண்டப்படுகிறது. இதில் யாரைக் கேட்பது? சபை மாகாணத்தைக் காட்டும், மாகாணம் சபையைக் காட்டும். பொறுப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொலைந்துபோவதுதான் இந்த அமைப்பின் மிக மோசமான விளைவு.

தேர்தல் நடக்கும்போதே மாறிய வரைபடம்

2018 மாநகரசபைத் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் மே மாதம் தொடங்கிவிட்டன. நீண்டதொரு மீளாய்வுக்குப் பிறகு சபை 44 வட்டாரங்களை 47 ஆக்கியிருந்தது. வேட்பாளர்கள் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜூலை 27ஆம் திகதி, புதிதாகப் பதவிக்கு வந்திருந்த முதலமைச்சர் டக் போர்ட், வட்டாரங்களை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். இவர் றொப் போர்ட்டின் அண்ணன். முன்பு அதே சபையில் உறுப்பினராக இருந்தவர், 2014இல் மேயர் தேர்தலில் தோற்றவர். ஓகஸ்ட் நடுப்பகுதியில் சட்டம் நிறைவேறியது.

செப்ரெம்பர் 10ஆம் திகதி ஒன்ராறியோ மேல் நீதிமன்ற நீதிபதி எட்வர்ட் பெலபாபா, தேர்தலின் நடுவில் இப்படி மாற்றுவது கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். உரிமைச் சாசனத்தையே ஓரங்கட்ட அரசியலமைப்பு தரும் விசேட விதியைப் பயன்படுத்துவேன் என்று போர்ட் சொன்னார். அதற்கு முன்னரே மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இடைநிறுத்தியது. ஒக்ரோபர் 22ஆம் திகதி 25 வட்டாரங்களுக்குத்தான் தேர்தல் நடந்தது. மூன்று வருடம் கழித்து, 2021 ஒக்ரோபர் 1ஆம் திகதி, கனடாவின் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணத்தின் பக்கம் நின்றது. உரிமைச் சாசனத்தின் வாக்குரிமைப் பிரிவு மத்திய, மாகாணத் தேர்தல்களைத்தான் பேசுகிறது, மாநகரசபைத் தேர்தலை அது பேசவில்லை. 1867இன் அந்த எட்டாவது வரி 154 வருடம் கழித்தும் வென்றது.

தமிழருக்கு இது தூரத்துக் கதையல்ல. 2006இல் மார்க்கம் நகரசபைக்கு லோகன் கணபதி தெரிவாகியிருந்தார். ரொறன்ரோ மாநகரசபைக்கு முதலாவது தமிழர் போவதற்கு 2017வரை காத்திருக்கவேண்டி வந்தது. அந்த வருடம் இடைத்தேர்தலில் வென்றவர் நீதன் சாண். அடுத்த வருடமே ஸ்காபரோவின் பத்து வட்டாரங்கள் ஆறாயின. புதிய, பெரிய வட்டாரமொன்றில் போட்டியிட்ட அவர் சொற்ப வாக்குகளால் தோற்றார். பிறகு 2023 இடைத்தேர்தலில் பார்த்தி கந்தவேள் ஸ்காபரோவின் இன்னொரு வட்டாரத்தில் வென்றார். நீதன் சாண் 2025 இடைத்தேர்தலில்தான் திரும்பி வந்தார். ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்றாகும்போது, காசும் பிரபலமும் இல்லாத ஒரு புதிய ஆள் கதவு கதவாகத் தட்டி வெல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்றைய அறிவிப்பில் இன்னொரு விடயமும் இருந்தது. பீல் உள்ளிட்ட சில பிராந்தியங்களின் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் தேர்தலும் ரத்தானது. பீல் தலைவர் பதவிக்குப் போட்டியிட இருந்த பற்றிக் பிரவுன் அதனால் பிரம்டன் மேயர் தேர்தலுக்கு மாறி வென்றார். தூபியைத் திறந்துவைத்த அதே மேயர்.

யாருக்கு வீடு?

இன்றைக்குக் கனேடிய மாநகரசபைகளுக்கு முன்னால் நிற்கிற மிகப் பெரிய பிரச்சினை வீடு. ரொறன்ரோவின் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய 70 வீதம் நீண்டகாலமாகத் தனிவீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு வளவில் ஒரு குடும்பம் என்பதுதான் விதி. விதியைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர். அவர்கள்தான் கூட்டங்களுக்கு வருவார்கள், வாக்களிப்பார்கள். பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கிறவர் மாலைக் கூட்டத்துக்கு வரமுடியாது, அவருக்கு அந்த நேரம் இரண்டாவது வேலை.

ஸ்காபரோவில் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தன. 1998க்கு முந்திய ஸ்காபரோ நகரின் விதி, நகரம் இல்லாமல்போன பிறகும் கால் நூற்றாண்டு நிலைத்தது. தடை இருந்ததால் அப்படியான வீடுகள் இல்லாமல் போகவில்லை. வெளிநாட்டு மாணவர்களும் புதிதாய் வந்தவர்களும் சட்டத்துக்கு வெளியே, தீயணைப்புப் பரிசோதனை இல்லாத அறைகளில் இருந்தார்கள். 2022 டிசெம்பரில் சபை கடைசியாக இதை நகரம் முழுவதும் அனுமதித்து, உரிமம் பெறும் முறையையும் கொண்டுவந்தது. 2024 மார்ச் 31இல் அது நடைமுறைக்கு வந்தது.

2023 மேயில் நகரம் முழுவதும் ஒரு வளவில் நான்கு வீடுகள்வரை கட்டலாம் என்று சபை முடிவெடுத்தது. மத்திய அரசு அந்த வருட இறுதியில் வீடமைப்பை வேகப்படுத்த 471 மில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது. ஆறு வீடுகள்வரை அனுமதிப்பதும் அந்தப் பேச்சின் ஒரு பகுதி. 2025 ஜூனில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது புறநகர் உறுப்பினர்கள் பலர் எதிர்த்தார்கள். காசின் ஒரு பகுதி கையைவிட்டுப் போகலாம் என்று எச்சரித்த பிறகும், நகர மையத்தைச் சேர்ந்த வட்டாரங்களுக்கும் ஸ்காபரோ வடக்குக்கும் மட்டும்தான் அனுமதி கிடைத்தது. மால்வேன் பகுதி உள்ள, தமிழர் நிறைய வாழும் ஸ்காபரோ வடக்கு, புறநகரங்களில் தனியாக அந்தப் பக்கம் போனதைக் கவனிக்கவேண்டும்.

இந்த விடயத்தில் மேலேயிருந்து வரும் அழுத்தம் வாடகைக்காரருக்குச் சாதகமாக இருக்கிறது, உள்ளூர் ஜனநாயகம் என்ற பேரில் சபை மூடுகிற கதவு அவருக்குப் பாதகமாக இருக்கிறது. ஸ்பதைனாவில் பார்த்ததுதான், வேறு உருவத்தில்.

காசு, சைக்கிள், கமரா

ஆனால் மற்றப் பக்கத்திலும் கணக்கு நீளமானது. 2016 டிசெம்பரில் மேயர் ஜோன் ரொறியின் கோரிக்கைப்படி, நகரத்துக்குச் சொந்தமான இரண்டு அதிவேக வீதிகளில் கட்டணம் அறவிடச் சபை வாக்களித்தது. அந்தக் காசு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போயிருக்கும். புறநகர வாக்காளரை நினைத்த முதலமைச்சர் கத்லீன் வின் அடுத்த மாதமே முடியாது என்றார். அவர் லிபரல் கட்சி. ஆக, இது ஒரு கட்சியின் குணம் மட்டுமல்ல.

காசுக்குத் தட்டுப்பாடு முற்றியபோது ஒலிவியா சௌ மேயரானார். 2024இல் வீடுகளுக்கான ஆதனவரி 9.5 வீதத்தாலும், 2025இல் 6.9 வீதத்தாலும் கூடியது. அந்த இரண்டு அதிவேக வீதிகளையும் பராமரிக்கிற பொறுப்பை மாகாணம் எடுத்துக்கொள்வதாக 2023 நவம்பரில் ஒப்பந்தமானது. கட்டணம் வாங்க விடாத வீதியை, காசில்லை என்று திருப்பிக் கொடுக்கவேண்டிய நிலை.

2024 நவம்பரில், கார் ஓடும் நிரலை எடுத்துச் சைக்கிள் பாதை போடுவதற்கு மாகாண அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. ரொறன்ரோவின் மூன்று முக்கிய வீதிகளில் ஏற்கனவே இருந்த பாதைகளை அகற்றவும் அது வழிசெய்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அந்த அகற்றல் உயிர்ப் பாதுகாப்புக்கான உரிமையை மீறுகிறது என்றது, மாகாணம் மேன்முறையீடு செய்தது. பாடசாலைகளுக்குப் பக்கத்தில் வேகத்தைப் பிடிக்கும் கமராக்களை அனுமதித்த அதே மாகாணம், 2025 நவம்பரில் அவற்றைத் தடைசெய்தது.

இதற்கிடையில் 2022இல் மேயர்களுக்குப் “பலம்” கொடுக்கும் சட்டங்கள் வந்தன. மாகாணத்தின் முன்னுரிமைகளுக்கு இசைவான விடயங்களில், சபையின் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானவர்களின் ஆதரவோடு மட்டும் மேயர் ஒரு உபவிதியை நிறைவேற்றலாம். சபை எடுக்கும் சில முடிவுகளை ரத்துச்செய்யலாம். ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் தொடங்கி இப்ப 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு இது பரவியிருக்கிறது. பலம் மேயருக்கு என்று பேர். எந்த விடயத்தில் பலம் என்பதைத் தீர்மானிப்பது மாகாணம். பெரும்பான்மை இல்லாமல் சட்டம் செய்யலாம் என்றால், சிறுபான்மைச் சமூகமொன்று பாடுபட்டு அனுப்பிய உறுப்பினரின் வாக்குக்கு என்ன பெறுமதி?

எங்களுக்கு இதில் என்ன?

சபைகளைக் கலைப்பதும் தேர்தல்களைத் தள்ளிப்போடுவதும் எங்களுக்குப் புதிதில்லை. 2023 மார்ச்சில் எங்கட உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. காசில்லை என்று சொல்லித் தேர்தலை வைக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதிவரை இரண்டு வருடத்துக்கும் மேலாக அதிகாரிகள்தான் எல்லாவற்றையும் நடத்தினார்கள். மாகாணசபைகளின் நிலை இன்னும் மோசம். கனடாவில் தேர்தல் குறித்த நாளில் நடக்கிறது, நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறது. இந்த வித்தியாசம் பெரியது, இரண்டையும் சமன் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் மாகாணங்களுக்கு உறுதியான அதிகாரம் கொடுத்த சமஷ்டி நாடொன்று, அந்த அதிகாரத்தை மாகாணத் தலைநகரோடு நிறுத்திக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரொறன்ரோ நல்ல பாடம். அதிகாரப் பகிர்வு பற்றி நாங்கள் பேசுகிறபோது கொழும்புக்கும் மாகாணத்துக்கும் இடையிலான கணக்கோடு நின்றுவிடுகிறோம். மாகாணத்துக்கும் பிரதேசசபைக்கும் இடையில் என்ன எழுதப்போகிறோம் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ரொறன்ரோவில் இதை மாற்றுவதற்கு யோசனைகள் இருக்கின்றன. மாகாணப் பாராளுமன்றமும் மத்திய பாராளுமன்றமும் சேர்ந்து, தன்னிச்சையாக மாற்றமுடியாத ஒரு சாசனத்தை நகரத்துக்குக் கொடுக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை வேண்டும் என்று சபையே 2013இல் கேட்டது, மாகாணம் கொடுக்கவில்லை. வரி கட்டி, அதே பஸ்ஸில் போய்வருகிறவர்கள் பல வருடங்கள் வாக்கில்லாமல் இருக்கிறார்கள்.

சட்டம் மாறும்வரை இருக்கிற வாக்கையாவது பாவிக்கவேண்டும். 2022 மாநகரசபைத் தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 வீதத்துக்கும் குறைவு. பத்தில் ஏழு பேர் வீட்டில் இருந்தால், மாலைக் கூட்டத்துக்கு வரும் வீட்டுச் சொந்தக்காரரின் குரல்தான் “மக்களின் குரல்” ஆகும். அப்படிப்பட்ட ஒரு சபையை மாகாணம் இடறிவிடும்போது அதற்காகத் தெருவுக்கு வர ஆளும் இருக்காது. அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26ஆம் திகதி. அங்கே இருக்கிற மச்சான், சித்தி, பெரியப்பா என்று யாரோடாவது வட்ஸ்அப்பில் கதைக்கும்போது, உங்கட வட்டாரத்தில் யார் கேட்கிறார்கள், ஆறு வீட்டு வாக்கெடுப்பில் உங்கட உறுப்பினர் எந்தப் பக்கம் கையுயர்த்தினார் என்று ஒருக்கா கேட்டுப்பாருங்கள். அதே கேள்வியை எங்கட பிரதேசசபை உறுப்பினரைப் பற்றி அவர்கள் திருப்பிக் கேட்டால், சொல்வதற்கு எங்களிடமும் பதில் இருக்கவேண்டும்.